பரதநாட்டியத்தை நம்பி வாழ முடியுமா? ஊரில் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழியில் சென்னையில் ஒரு மணி நேரக் கச்சேரி ஆடும் இளம் கலைஞரின் வரவு செலவை ஒருமுறை எழுதிப் பாருங்கள். நட்டுவாங்கம் (ஜதி சொல்லித் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று நான்கு பேருக்குச் சம்பளம். அவர்களோடு இரண்டு மூன்று ஒத்திகை. மேக்கப், பூ, ஜடை, கார், போட்டோ, வீடியோ. சபா பக்கத்திலிருந்து வருவது பல இடங்களில் ஒரு சால்வையும் ஒரு நினைவுப் பரிசும்தான். சில இடங்களில் ஒரு சிறிய கவர் கிடைக்கும். இன்னும் சில இடங்களில் ‘ஸ்பான்சர் பிடித்துக் கொடுங்கள்’ என்ற பெயரில் ஆடுபவரே பணம் கட்டுகிறார். துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் எழுத மாட்டார்கள், அவ்வளவே.

எனவே ஆட்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த நினைப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது: சம்பாதித்துக் கொடுப்பது மேடை இல்லை, வகுப்பு. மாதாமாதம் வரும் வகுப்புக் கட்டணம்தான் அடித்தளம். அது உறுதியாக இருந்தால் மேடையில் உங்களுக்குப் பிடித்ததை ஆடலாம், பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லலாம். இந்த வழிகாட்டி திருச்சி, மதுரை, நெல்லை, ஈரோடு மாதிரி ஊர்களில் வகுப்பு தொடங்கி ஓரிரண்டு வருடம் ஆனவர்களை மனதில் வைத்து எழுதியது. சென்னையில் இருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. உங்கள் ஒரு மணி நேரம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் கட்டணம் வைப்பது எப்படி? பக்கத்துத் தெரு டீச்சர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டு, அதில் நூறு ரூபாய் குறைத்து. இது தலைகீழ். உங்கள் வீட்டுத் தேவையிலிருந்து தொடங்க வேண்டும்.

கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு மட்டுமே, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும். ஹால் வாடகை 8,000. உதவிக்கு வரும் மூத்த மாணவிக்குச் சம்பளம் 5,000. கரண்ட், போன், சில்லறைச் செலவு 2,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் 3,000. நீங்களே தொடர்ந்து கற்றுக்கொள்ள, அதாவது குருவிடம் போய்வர, புது உருப்படி (ஆடுவதற்கான நடனம்) கற்க, 2,000. மொத்தம் 50,000. கடைசி வரியை வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டாதீர்கள். தான் கற்பதை நிறுத்திய டீச்சரிடம் ஐந்தாவது வருடத்தில் அதே அலாரிப்பு, அதே ஜதீஸ்வரம் என்ற தொடக்கநிலை உருப்படிகள்தான் மிஞ்சியிருக்கும். பெரிய பிள்ளைகள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள்.

வருடத்துக்கு 6 லட்சம் ஆகிறது. ஆனால் முழுக் கட்டணம் வருவது 12 மாதமும் இல்லை. மார்ச்சில் பரீட்சை, மே மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள். 10 மாதம் என்று வைத்தால், மாதத்துக்கு 60,000 வர வேண்டும். 60 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 1,000. 40 பிள்ளைகள் என்றால் 1,500.

இப்போது நேரத்தைப் பாருங்கள். 60 பிள்ளைகளை 12 பேர் கொண்ட ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வாரம் இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 10 மணி நேரம், மாதத்துக்குச் சுமார் 43. வகுப்பில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு 1,400 ரூபாய் வருகிறது என்று மகிழ்வதற்கு முன்னால், பாட்டு தேடுவது, ஜதி (தாளச் சொற்கட்டு) எழுதுவது, சொந்தப் பயிற்சி, பெற்றோருக்குப் போனில் பதில் சொல்வது எல்லாவற்றையும் சேருங்கள். குறைந்தது அதே அளவு நேரம் ஆகும். ஆக உண்மையில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 700 ரூபாய். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் நிகழ்ச்சி, ஸ்கூல் ஆண்டு விழா, ரிசப்ஷன், அரங்கேற்ற ஒத்திகை என்று யார் எதற்குக் கூப்பிட்டாலும் எத்தனை மணி நேரம் போகும் என்று கணக்குப் போட்டு, இந்த எண்ணால் பெருக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.

உங்கள் ஊரில் 600 ரூபாய்க்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றால்? அப்போது 100 பிள்ளைகள் வேண்டும். 100 பிள்ளைகளின் அரைமண்டியை (முழங்காலை மடித்து நிற்கும் அடிப்படை நிலை) ஒருவரால் திருத்த முடியாது. குறைந்த கட்டணத்தோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, தொடக்கநிலைக் குழுவை ஊர்க் கட்டணத்திலேயே வைத்துவிட்டு, வர்ணம் என்ற நீண்ட, கடினமான உருப்படி வரை வந்த பிள்ளைகளுக்கு மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவாகக் கூடுதல் கட்டணத்தில் எடுப்பது நல்லது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பள்ளியோடு ஒப்பந்தம் போட்டால் நிலையான ஒரு தொகை அங்கிருந்து வரும்.

கட்டணம் ஏன் இவ்வளவு கீழே கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்களில் வகுப்பு எடுப்பவர்களில் கணிசமானவர்களுக்கு அந்த வருமானம் வீட்டுக்குத் தேவையில்லை. கணவர் சம்பாதிக்கிறார், இது ஒரு விருப்பம், சேவை. அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் 400 ரூபாய் வாங்கும் அந்த வகுப்புதான், இதை மட்டுமே நம்பியிருக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஊரின் விலையை நிர்ணயிக்கிறது. பணம் தேவைப்படாதவர்களுக்கு என் வேண்டுகோள்: ஊர்க் கட்டணத்தையே வாங்குங்கள், பிறகு அந்தப் பணத்தில் வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சலங்கை வாங்கிக் கொடுங்கள்.

2. தகுதிக்கு ஒரு காகிதம்

நல்ல குருவிடம் பதினைந்து வருடம் கற்றவருக்குக் காகிதம் எதற்கு என்று கேட்கலாம். பள்ளி வேலைக்கும் அரசு வேலைக்கும் அது இல்லாமல் கதவு திறக்காது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் நான்கு வருட டிப்ளமோ, அரசு இசைக் கல்லூரிகள், மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் மூன்று வருடப் படிப்பு, இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. மாவட்ட இசைப் பள்ளிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. அங்கேயே நாதஸ்வரம், தவில், தேவாரம், மிருதங்கம் கற்பவர்களோடு பழக்கம் கிடைக்கும். நாளைக்கு உங்கள் மேடையில் உட்காரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

தூர்தர்ஷன் தரத் தேர்விலும் ஆடித் தேறிவிடுங்கள். டிவியில் ஆடுகிறோமோ இல்லையோ, அரசு நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தரச் சான்றிதழ் பேசும்.

மத்திய அரசின் உதவித்தொகைகளும் இருக்கின்றன. 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கிடைக்கும் திட்டம் ஒன்று. ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு 25 முதல் 40 வயது வரை மாதம் 10,000, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 20,000 என்று இரண்டு வருட ஃபெல்லோஷிப் இன்னொன்று. உங்கள் மாணவிகளில் 10 முதல் 14 வயதுள்ளவர்களுக்கு சிசிஆர்டி என்ற மத்திய அரசின் பண்பாட்டுப் பயிற்சி மையம் நடத்தும் கலைத்திறன் உதவித்தொகை இருக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்கு அது கிடைத்தால் பெற்றோர் கண்ணில் நாட்டியம் பொழுதுபோக்கு என்ற இடத்திலிருந்து படிப்பு என்ற இடத்துக்கு நகர்ந்துவிடும். வகுப்பில் பிள்ளை நிலைக்க அது போதும்.

3. கட்டணத்தை எழுதிக் கொடுங்கள்

வாயால் சொல்லும் கட்டணம் நாளாக நாளாக இளகும். ‘இந்த மாசம் நாலு கிளாஸ்தான் மிஸ், பாதி வாங்கிக்கோங்க மிஸ்’ என்று தொடங்கும். அதனால் சேரும் நாளிலேயே வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்றை அனுப்பிவிடுங்கள்:

‘வணக்கம். வகுப்புக் கட்டணம் மாதம் 1,000 ரூபாய். வாரம் இரண்டு வகுப்பு. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளை வராத வகுப்புக்குக் கட்டணம் குறையாது. நான் எடுக்க முடியாத வகுப்பை வேறொரு நாளில் ஈடுசெய்துவிடுவேன். கட்டணம் கட்டுவதில் சிரமம் இருந்தால் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளையை நிறுத்த வேண்டாம்.’

கடைசி இரண்டு வாக்கியங்கள் முக்கியம். எந்த ஊரிலும் கட்டணம் கட்ட முடியாத, ஆனால் தாளம் ரத்தத்தில் ஓடும் பிள்ளை ஒன்று வரும். பத்து பேருக்கு ஒரு இடம் இலவசம் என்று முன்பே தீர்மானித்து, அதைக் கணக்கிலும் சேர்த்துவிடுங்கள். அப்போது இரக்கம் வரவு செலவைக் கவிழ்க்காது. யார் இலவசம் என்பது வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.

விஜயதசமிக்குத் தட்டில் வரும் தட்சணையைக் கட்டணத்தோடு குழப்பாதீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், நூற்றொரு ரூபாய் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் சந்தோஷம். அது மரியாதை, மாதக் கட்டணம் வேலைக்கான சம்பளம்.

4. அரங்கேற்றம்: இங்கேதான் பெயர் கெடுகிறது

ஊரில் ஒரு டீச்சரைப் பற்றிக் கசப்பாகப் பேசினால், பத்தில் எட்டு முறை அந்தப் பேச்சு அரங்கேற்றச் செலவில் போய் முடியும். மண்டபம், ஆர்கெஸ்ட்ரா, நான்கு செட் உடை, கோயில் நகை, மேக்கப், அழைப்பிதழ், போட்டோ, வீடியோ, சிறப்பு விருந்தினருக்கு மரியாதை, வந்தவர்களுக்குச் சாப்பாடு. லட்சங்களில் போகும் கணக்கு. அதில் டீச்சருக்கு எவ்வளவு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் அதிகமாகவே ஊகிப்பார்கள்.

என் யோசனை இதுதான். அரங்கேற்றத்துக்கு ஒரு வருடம் முன்பு பெற்றோரை உட்காரவைத்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் பங்கைத் தனி வரியாக எழுதுங்கள்: முழு மார்க்கம் (ஒரு முழு நிகழ்ச்சிக்கான உருப்படி வரிசை) தயாராக வழக்கமான வகுப்புக்கு மேல் இத்தனை மணி நேரத் தனிப்பயிற்சி, மணிக்கு இவ்வளவு. உதாரணமாக 80 மணி நேரம், மணிக்கு 700 என்றால் 56,000. நிகழ்ச்சியன்று நட்டுவாங்கம் செய்வதற்கு வெளியிலிருந்து வருபவர் என்ன வாங்குவாரோ அதே தொகை. அவ்வளவுதான். பட்டுப்புடவையும் தங்கக் காசும் அவர்கள் விருப்பம். நீங்கள் கேட்பதும் இல்லை, எதிர்பார்ப்பதும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கமிஷன். உடை தைப்பவர், நகைக் கடை, வீடியோக்காரர், மண்டபம் எல்லோரும் ‘மிஸ், உங்களுக்கு ஒரு பத்து பர்சென்ட்’ என்பார்கள். வாங்காதீர்கள். பெற்றோர் நேரடியாகப் பணம் கொடுக்கட்டும், கமிஷன் தொகையைத் தள்ளுபடியாக அவர்களுக்கே தரச் சொல்லுங்கள். அறம் ஒருபக்கம் இருக்கட்டும், வணிகமாகப் பார்த்தாலும் இதுதான் சரி. ஒரு உடையில் கிடைக்கும் ஆயிரம் ரூபாய்க்காக மூன்று புதுச் சேர்க்கைகளை இழப்பீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் தனி அரங்கேற்றம் தேவையும் இல்லை. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றாகக் கோயில் மண்டபத்தில் சலங்கை பூஜை (முதன்முதலாகச் சலங்கை கட்டி ஆடும் விழா) செய்து, ஆர்கெஸ்ட்ரா செலவைப் பகிர்ந்துகொண்டால் நடுத்தரக் குடும்பமும் மூச்சுவிடும். தனியாகச் செய்ய வசதியுள்ளவர்கள் செய்யட்டும். ஆனால் தேதியைப் பிள்ளையின் தயார்நிலை தீர்மானிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்ற பெற்றோரின் அவசரம் தீர்மானிக்கக் கூடாது. அவசரத்தில் முடித்த பிள்ளை அடுத்த வாரமே வகுப்பை நிறுத்திவிடும். எட்டு வருடம் சொல்லிக்கொடுத்து உருவாக்கிய ஆளை அத்தோடு இழக்கிறீர்கள்.

அதனால் அரங்கேற்றத்துக்குப் பிறகு என்ன என்பதை முன்பே காட்டுங்கள். பதம், ஜாவளி போன்ற பாடல்களை வைத்து அபிநயத்துக்குத் தனி வகுப்பு. தட்டுக்கழி (தாளம் தட்டும் கழி) பிடித்து நட்டுவாங்கம் கற்றுக்கொள்வது. சிறு பிள்ளைகளுக்கு அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியை வேலை, அதுவும் சம்பளத்தோடு. மூத்த மாணவியைச் சும்மா நிற்கவைத்து ‘இதுவும் ஒரு பயிற்சிதான்’ என்று வேலை வாங்கும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. சம்பளமில்லாமல் ஆடவைத்துச் சபா உங்களுக்குச் செய்வது பிடிக்கவில்லை என்றால், அதையே அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யாதீர்கள்.

5. பக்கவாத்தியக்காரர்களுக்கு முதலில் கொடுங்கள்

பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு தொகை, ஒத்திகைக்குத் தனித் தொகை, போக்குவரத்து, சாப்பாடு. நான்கையும் தேதி குறிக்கும்போதே பேசிவிடுங்கள். பணத்தை நிகழ்ச்சி முடிந்து அவர்கள் வாத்தியத்தை உறையில் போடும் முன்பே கொடுத்துவிட வேண்டும், அல்லது யூபிஐயில் அனுப்பிவிட வேண்டும். ‘ஸ்பான்சர் இன்னும் தரலை’ என்பது அவர்கள் பிரச்சினை அல்ல. நிகழ்ச்சி ரத்தானால் கடைசி வாரத்தில் பாதி என்பது நியாயமான வழக்கம், ஏனென்றால் அந்தத் தேதிக்கு வந்த வேறு கச்சேரியை அவர் விட்டிருப்பார். ஊருக்குள் நல்ல சம்பளம் தருபவர் என்ற பெயர் வந்துவிட்டால், மார்கழியிலும் மகாசிவராத்திரியிலும் மற்றவர்கள் ஆள் தேடி அலையும்போது உங்களுக்கு ஆள் கிடைக்கும்.

நேரடி ஆர்கெஸ்ட்ரா வைக்க முடியாத நிகழ்ச்சிகளுக்கு ஸ்டுடியோவில் ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம். அப்போதும் ஒரு வரி எழுதி வாங்குங்கள், கொடுங்கள்: இந்தப் பதிவை யார், எத்தனை நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தலாம், யூடியூபில் போடலாமா, இன்னொரு வகுப்புக்கு விற்கலாமா. பிறகு வரும் மனஸ்தாபத்துக்கு இந்த ஒரு வரி மருந்து.

நீங்களே நட்டுவாங்கம் கற்றுத் தேர்ந்துவிட்டால் செலவு குறைவது மட்டுமல்ல, அது தனி வருமானமும்கூட. சுற்றுவட்டார ஊர்களில் அரங்கேற்றங்களுக்கு நல்ல நட்டுவாங்கக்காரர்கள் கிடைப்பதில்லை. குரல் தெளிவும் லயக் கட்டுப்பாடும் இருந்தால் முழங்கால் ஓய்வு கேட்கும் வயதிலும் இந்த வேலை செய்யலாம்.

6. மேடை: எதற்குச் சரி, எதற்கு வேண்டாம்

பணமில்லாமல் ஆடுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கிறது. அதன் வழியில் இப்போது தஞ்சை உட்பட எத்தனையோ ஊர்க் கோயில்களில் நடக்கின்றன. நடராஜர் சன்னதியில் ஆட வேண்டும் என்ற ஆசைக்கு யாரும் விலை வைக்க மாட்டார்கள். ஆனால் வருடத்துக்கு இத்தனை என்று ஒரு எண்ணிக்கை வையுங்கள். இரண்டோ மூன்றோ. அந்தச் செலவையும் வருடக் கணக்கில் எழுதுங்கள். அதற்கு மேல் வரும் அழைப்புக்கு, ‘இந்த வருஷம் என் சேவை நிகழ்ச்சிகள் முடிஞ்சுடுச்சு சார், இனி கட்டணத்தோடதான்’ என்று சொல்ல வாய் வரும்.

ஸ்லாட்டுக்குப் பணம் கேட்கும் மேடைகளை நான் எடுத்துக்கொள்வதில்லை. சிலர் ‘சென்னையில் ஒரு சீசன் ஆடினேன் என்று போட்டுக்கொள்ளலாமே’ என்பார்கள். பகல் பன்னிரண்டு மணி ஸ்லாட்டில், முதல் இரண்டு வரிசையில் சொந்தக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, கைக்காசு போட்டு ஆடியது ஊரில் ஒரு சேர்க்கையைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அதே பணத்தில் உங்கள் ஊரில் ஒரு நல்ல மண்டபம் எடுத்து, நேரடி ஆர்கெஸ்ட்ராவோடு நீங்களே ஒரு முழு மார்க்கம் ஆடுங்கள். உங்கள் மாணவிகள் டீச்சர் ஆடிப் பார்ப்பார்கள். பெற்றோர் பார்ப்பார்கள். டீச்சர் வர்ணம் ஆடுவதைப் பார்த்த பிள்ளை வகுப்பை விடாது.

காசு வரும் மேடைகள் வேறு: பள்ளி, கல்லூரி ஆண்டு விழா, கம்பெனி நிகழ்ச்சி, கல்யாண ரிசப்ஷன், கும்பாபிஷேகம், கோயில் திருவிழா, ஹோட்டல், சுற்றுலாத் துறை மற்றும் கலை பண்பாட்டுத் துறை நிகழ்ச்சிகள். மாமல்லபுரம் நாட்டிய விழா மாதிரியான அரசு விழாக்களுக்கு நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பணம் தாமதமாக வரலாம், அதை நம்பி கடன் வாங்காதீர்கள்.

ரிசப்ஷனில் 40 நிமிடம் ஆடக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகை 6 மணி நேரம், மேக்கப் 2, போய்வர 2, காத்திருப்பும் ஆட்டமும் 2. மொத்தம் 12 மணி நேரம், 700 வீதம் 8,400. கூட ஆடும் நான்கு மாணவிகளுக்குத் தலைக்கு 1,500 வீதம் 6,000. மேக்கப், பூ, வண்டி 6,000. ஆக 20,400க்குக் கீழே இறங்கினால் உங்கள் கைக்காசு. ‘நாற்பது நிமிஷத்துக்கு இவ்வளவா’ என்று கேட்பார்கள். கோபப்படாமல் இந்தக் கணக்கையே சொல்லுங்கள். பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

7. ஒப்பந்தம்

குருகுலக் கலையில் என்ன ஒப்பந்தம் என்று முகம் சுளிப்பவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைக் காட்டலாம். ராஜராஜ சோழன் அங்கே 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயிலில் ஆடிய பெண்கள்) குடியேற்றியபோது, ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (பக்கத்தில்) எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டினான். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளக்கும் மரக்காலின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது: ஆடவல்லான். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு, வாரிசுக்குத் தகுதி இல்லை என்றால் என்ன செய்வது என்றும் அதில் இருக்கிறது. நாம் கேட்பது ஒரு வாட்ஸ்அப் செய்திதான்.

அந்தச் செய்தியில் இருக்க வேண்டியவை: தேதி, இடம், எத்தனை நிமிடம், எத்தனை பேர், மொத்தத் தொகை, பாதி முன்பணம் எப்போது, மீதி எப்போது, ரத்தானால் என்ன, வீடியோவை யார் எங்கே போடலாம். அதோடு மேடை. வெறும் கருங்கல் தரையிலும் கிரானைட்டிலும் தட்டி ஆடினால் முழங்காலும் குதிகாலும் சொல்லாமல் கெட்டுப்போகும். மரத்தளம் இல்லை என்றால் உருப்படிகளைக் குறைப்பேன் என்று முன்பே எழுதுங்கள். வெயில் ஏறிய பிரகாரத்தில் பிள்ளைகளை ஆடவிடாதீர்கள். பூட்டக்கூடிய உடைமாற்றும் அறையும் கழிப்பறையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒரு பந்தலுக்குப் பின்னால் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நாம் உடைமாற்றியது போதும்.

பள்ளியோடு ஒப்பந்தம் என்றால் ஆண்டு விழாவுக்கான கூடுதல் ஒத்திகைக்கு யார் பணம் தருவது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஜனவரியில் தினமும் நான்கு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு மாதச் சம்பளத்தையே கொடுப்பது அங்கே சாதாரணம்.

நீங்கள் அமைத்த நடனத்துக்கும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவாகியிருக்கும் நடன அமைப்பு நாடகப் படைப்பு என்ற வகையில் பாதுகாக்கப்படுகிறது. எனவே ஜதியையும் அடவு வரிசையையும் நோட்டில் எழுதி, ஒத்திகையை வீடியோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

8. வரி, வங்கி

வகுப்புக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வீட்டுப் பணமும் வகுப்புப் பணமும் கலந்தால் லாபமா நஷ்டமா என்று ஒருநாளும் தெரியாது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். கம்பெனிகளும் பெரிய அமைப்புகளும் உங்களுக்குத் தரும் தொகையில் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்திருந்தால் அதைத் திரும்பப் பெற அதுதான் வழி. வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் அந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.

ஜிஎஸ்டி என்றதும் பயப்பட வேண்டாம். சேவைகளுக்கு வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரவு வரை பதிவே தேவையில்லை. சாஸ்திரிய, நாட்டுப்புறக் கலைஞர் நிகழ்த்தும் நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் வரையிலான தொகைக்கு விலக்கு உண்டு. தனிநபராகக் கலைப் பயிற்சி கொடுப்பதற்கும் விலக்கு உண்டு. வகுப்பை நிறுவனமாகப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் முதலில் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

9. பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும். தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், முடிந்தவரை தட்டுக்கழியைக் காட்டியே திருத்துங்கள். அந்தக் கழி தாளத்துக்கு, அடிக்க இல்லை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிலைக்கு வகுப்பு வளர்ந்துவிட்டால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அதைவிடச் சிறிய இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். குருபக்தி என்ற பெயரில் வாயை மூடவைப்பது எந்த மரபிலும் கிடையாது.

10. ஊரில் மற்ற டீச்சர்களோடு

வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் ஊர் நாட்டிய ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் ஒரு காபிக்குச் சந்தியுங்கள். எந்தப் பள்ளி நேரத்துக்குப் பணம் தருகிறது, எந்த அமைப்பாளர் முன்பணம் கேட்டால் போனை எடுப்பதில்லை, மண்டப வாடகை என்ன, மிருதங்கக்காரர் இப்போது எவ்வளவு வாங்குகிறார் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். நம் துறையில் அமைப்பாளர்களுக்கு எல்லோருடைய விலையும் தெரியும், நமக்கு மட்டும் ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாது. வேறு டீச்சரிடமிருந்து பிள்ளை வந்தால், பழைய டீச்சருக்கு ஒரு போன் போட்டுவிட்டுச் சேருங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, நடராஜர் சிலை, குழு நடன உடைகள் இவற்றை ஆளுக்கொன்றாக வாங்காமல் பகிர்ந்துகொள்ளலாம்.

11. வருட நாட்காட்டி

ஏப்ரலில் கட்டணத்தை மறுபரிசீலனை செய்து பெற்றோருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். மே மாதத்தில் பத்து நாள் கோடை முகாம் நடத்தினால் அந்த மாதத்து ஓட்டை கொஞ்சம் அடையும், புதுப் பிள்ளைகளும் வரும். ஜூனில் புதுக் கட்டணம், புதுக் குழு. ஆகஸ்டில் பள்ளி, கல்லூரி விழாக்களுக்கு விலைப் பட்டியல் அனுப்பும் நேரம். விஜயதசமிக்குப் பெரிய சேர்க்கை வரும், அதற்குமுன் உதவி ஆசிரியையைப் பேசி முடித்து வைத்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மேடை மாதங்கள். மகாசிவராத்திரி வரை ஆடிவிட்டு, மார்ச்சில் பரீட்சைக்காக வகுப்பு மெலியும்போது உடம்புக்கு ஓய்வு கொடுங்கள், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், ரசீதுகளை அடுக்குங்கள். கட்டண உயர்வு வருடத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் என்று வைத்தால் யாரும் முணுமுணுப்பதில்லை. நான்கு வருடம் ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக 400 ரூபாய் ஏற்றினால்தான் பெற்றோர் குரூப்பில் பேச்சு கிளம்பும்.